அருவியாறும் அதன் பெருவழியும்

ஈழநாட்டு ஆறுகளை நீளவரிசையிற் கூறுமாறு மாணாக்கரைக் கேட்டால், மகாவலி கங்கையை முதலில் வைத்து, அடுத்ததாகக் களனி கங்கையையோ களு கங்கையையோ கூறுவோரே பலர். இரண்டாம் இடம் அருவியாற்றுக்கு உரியது என்று நாம் சொன்னால் வகுப்பிலே ஐயம் எழும். அந்த ஐயத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. ஆடி மாதத்திலே சிலாவத்துறைத் தெருவிலுள்ள பாலத்தின்மீது நின்று கீழே நோக்குபவருக்கு ஆறு தோன்றாது. வெண்மணற் பரப்பும், இரு கரையிலும் நிற்கும் மருத மரங்களும், ஆங்காங்கே தேங்கிக் கிடக்கும் நீர்க்குட்டைகளுமே தோன்றும். எனினும் 164 கிலோமீற்றர் நீளமும் 3,200 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீரேந்து பரப்பும் உடையது அவ்வாறு. சிங்கள மக்கள் அதனை மல்வத்து ஓயா என்பர். மகாவமிசம் கூறும் கதம்ப நதியும் இதுவே. மலையருவி ஒன்றேனும் இல்லாத சமதரையிலே ஊர்ந்து செல்லும் ஆற்றுக்கு அருவி என்னும் பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.

இவ்வாறு அநுராதபுரத்துக்குத் தென்கிழக்கேயுள்ள இறிதிகலை, இனாமலுவைக் குன்றுகளின் பக்கத்தே தோன்றுகின்றது. இறிதிகலையின் உயரம் 766 மீற்றர். அக்குன்றுகளை விட்டு நீங்கியபின் கடல்வரையும் மலையென்று சொல்லத்தக்க தடை எதுவும் அதற்கில்லை. அநுராதபுரத்திலே நிலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 80 மீற்றர் உயரமே உள்ளது. அங்கிருந்து மாந்தைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 85 கிலோமீற்றர். ஆகவே ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றரளவுதான் நிலம் சரிகின்றது. சுமையோடு நடக்கும் மனிதனுக்கும், பொதிமாட்டுக்கும், வண்டிக்கும் இதனினும் இலகுவான சரிவு வேறெங்கே கிடைக்கும்?

நிலம் இலகுவானது; வானம் அப்படியன்று. மன்னார்ப் பகுதிக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர். உலகத்துப் பெரும் பாலைநிலங்களை நோக்க இது குறைந்த மழையன்று. ஆயினும் அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி முடியவுள்ள காலத்திலே வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிடுகின்றது. எஞ்சிய மாதங்களிலே சோளகக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக இப்பள்ளத்தாக்கின்மீது வீசும். பாலை என்பது தனியொரு நிலமன்று, வேனில் வெம்மையினால் மற்றை நிலங்கள் திரிந்து கொள்ளும் கோலமே என்று நம் முன்னோர் கருதினர். அக்கருத்தின் உண்மையை அறிய விரும்புவோர் நூலைத் திறக்கவேண்டியதில்லை. ஒருமுறை தையிலும் ஒருமுறை ஆவணியிலும் முருங்கன் வெளியைப் பார்த்தாற் போதும். தையிலே அது மருதம், ஆவணியிலே பாலை.

மண்ணும் இங்கே வழிப்போக்கரின் காலத்தை வகுத்தது. மேற்பகுதியிலே கடும்பாறையின்மீது செம்மண் படிந்துள்ளது. அப்பாறை நீரை உள்வாங்கி வைத்திருப்பது சிறிது; ஆதலின் கிணறுகள் விரைவில் வற்றும். கடலை அணுக அணுகச் சுண்ணாம்புக்கல் நிலம் தொடங்குகின்றது. முருங்கனைச் சூழவுள்ள கரிய களிமண் கோடையிலே கால் நுழையுமளவுக்கு வெடித்துப் பிளக்கும். மாரியிலே குழைந்து வண்டிச்சில்லைப் பற்றிக்கொள்ளும். மழைக்காலத்திலே சேற்றினாலும் வெள்ளத்தினாலும் வழி அடைபடும். கோடையிலே வழி திறந்திருக்கும், குடிக்க நீர் இராது. இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே மனிதர் எவ்வாறு போக்குவரத்துச் செய்தனர் என்பதே இப்பள்ளத்தாக்கின் வரலாறு என்று நாம் கருதுகின்றோம். அரசர்களின் பெயர்களை மனனம் செய்வதினும் இது பயனுள்ள ஆராய்ச்சி.

வழி ஏன் இங்கே அமைந்தது என்பதற்குக் கடலிலிருந்து விடை தேடவேண்டும். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே சேதுவின் மணற்றிட்டுகள் கிடக்கின்றன. பெருங்கப்பல்கள் அவற்றைத் தாண்டுதல் இயலாது. மேற்கிலிருந்து வந்த கப்பலாயினும் கிழக்கிலிருந்து வந்த கப்பலாயினும் சரக்கை இறக்கிச் சிறு தோணிகளிலே மாற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் மாந்தை. மாதோட்டம் என்று தமிழரும், மகாதித்த என்று பாளி நூல்களும், மொதுத்தி என்று கிரேக்கரான தொலமியும் குறித்தது இத்துறையையே என்பது அறிஞர் கொள்கை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இத்துறையின் கோயில். முதலாம் இராசராசன் காலத்திலே மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்ற பெயரும் வழங்கியதைச் சோழர் கல்வெட்டுக் காட்டுகின்றது. 1980களின் முற்பகுதியிலே இங்கு நடந்த அகழ்வுகளிற் சீனத்து மட்கலங்களும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்கலங்களும் கிடைத்தன. போர் மூண்டதால் 1984 உடன் அவ்வேலை நின்றது. பின்னர் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த மண்ணைச் சலித்தபோது கருகிய மிளகும், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கிராம்பும் அகப்பட்டன. கிராம்பு அக்காலத்திலே கிழக்கிந்தியத் தீவுகளில் மாத்திரமே விளைந்த பொருள் என்பதை எண்ணிப் பார்க்க.

துறை ஒரு முனை, அநுராதபுரம் மறுமுனை. பாண்டி நாட்டு மணமகளும் அவளோடு வந்த பதினெண் தொழிற்குடியினரும் மாதோட்டத்தில் இறங்கியே உள்நாடு சென்றனர் என்று மகாவமிசம் சொல்லும். எல்லாளனுக்குத் துணையாகப் படையோடு வந்த பல்லுகன் இறங்கியதும் அத்துறையிலேதான். இவை கதைகளாயின் ஆகுக. கல்லிலே எழுதியது கதையன்று. அநுராதபுரத்தில் அபயகிரி விகாரைப் பக்கத்தே தமிழ் இல்லறத்தார் சிலர் கூடியிருப்பதற்குச் சமைத்த மேடையொன்றின் கல்வெட்டு உண்டு. கிறித்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டு, மேடையில் யார் யாருக்கு எந்த ஆசனம் என்று பெயர் சொல்லிச் செல்கின்றது. அவர்களுள் ஒருவன் நாவிகன், அதாவது கப்பலோட்டி. கடலுக்கு 85 கிலோமீற்றர் உள்ளேயிருக்கும் ஊரிலே கப்பலோட்டிக்கு நிலையான ஓர் இருக்கை! துறையும் நகரும் இரண்டல்ல, ஒரே நகரின் இரண்டு வாயில்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? ஒரு முனையைத் தமிழர் வரலாறு என்றும் மறுமுனையைச் சிங்களவர் வரலாறு என்றும் பிரித்து வைத்துப் படிப்பிப்போர் நடுவிலுள்ள வழியை மறந்துவிடுகின்றனர். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அநுராதபுரத்தில் தங்கிய சீனத் துறவி பாகியன், அங்கே வணிகர் ஒருவர் காணிக்கையாக இட்ட வெண்பட்டு விசிறியைக் கண்டு, தன் நாட்டுப் பொருள் என்றறிந்து கண்ணீர் விட்டதாக எழுதியுள்ளார். உள்நாட்டு நகரொன்றிலே சீனத்து விசிறி கிடைக்குமளவுக்குக் கடல்வழியும் தரைவழியும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

இனி, வழிப்போக்கர் நீருக்கு என்ன செய்தனர் என்பதை நோக்குவோம். ஆற்றை நம்பியே நடந்தனர் என்று கூறுதல் எளிது. ஆற்றுமணலை ஒரு முழமோ இரண்டு முழமோ தோண்டினால் ஊற்று நீர் கிடைக்கும் என்பதும், மருதமரங்களின் பச்சை வரிசை தொலைவிலிருந்தே ஆற்றைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மையே. ஆயின், நூற்றுக்கணக்கான மாடுகளோடு செல்லும் வணிகக் கூட்டத்துக்கு ஊற்று நீர் போதாது. வழியை வாழ்வித்தவை குளங்கள் என்பதே எமது துணிபு. ஆற்றின் மேற்பகுதியிலே நாச்சதுவ. நகரைச் சூழ நுவர வாவி, திசா வாவி, அபய வாவி. அவற்றுக்கிடையே பெயர் அறியப்படாத ஊர்க்குளங்கள். கீழ்ப்பகுதியிலே கட்டுக்கரைக் குளம். குளம் இருந்த இடத்திலே ஊர் இருந்தது. ஊர் இருந்த இடத்திலே சோறும் நீரும் நிழலும் வழிகாட்டியும் கிடைத்தன. வழிப்போக்கன் உண்மையில் ஒரு குளக்கரையிலிருந்து மறு குளக்கரைக்கே நடந்தான்.

இக்குளங்களிற் சிலவற்றுக்கு அருவியாற்றின் நீரும் போதவில்லை. தாதுசேனன் காலத்தது எனப்படும் யோத எல என்னும் கால்வாய், அயலிலுள்ள கலா ஓயாவின் நீரைக் கலா வாவியிலிருந்து 87 கிலோமீற்றர் தூரம் கொணர்ந்து திசா வாவியிலே சேர்க்கின்றது. அதன் முதல் 17 மைலிலே சரிவு ஒரு மைலுக்கு 6 அங்குலம் மாத்திரமே. மட்டம் பார்க்கும் கண்ணாடிக் கருவிகள் இல்லாத காலத்திலே இதனைச் செய்தவர்களின் பெயர் ஒன்றும் எமக்குக் கிடைக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியிலே தேக்கம் என்றே பெயர்பெற்ற இடத்தில், ஆற்றின் குறுக்கே கல்லணையிட்டு நீரை மறித்துக் கால்வாய் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பினர். அக்குளத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்கள் நீர் பெற்றன. துறைமுகத்தின் சோறு அந்த வயல்களிலே விளைந்தது.

குளத்துக்கும் வழிக்கும் இருந்த இவ்வுறவு, குளங்கள் கெட்டபோதுதான் தெளிவாகத் தெரிகின்றது. 993ஆம் ஆண்டளவிலே சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றினர். தலைநகர் பொலனறுவைக்கு மாறிற்று. 11ஆம் நூற்றாண்டை அடுத்து மாந்தை நகரும் தளர்ந்தது. இடையிடையே அரசர் சிலர் குளங்களைத் திருத்தினராயினும், 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் அணை உடைந்தால் அடைப்பார் இல்லை. குளம் உடைய ஊர் கலைந்தது. ஊர் கலையக் காடு மூடிற்று.

அக்காடு மூடிய வழியிலே நடந்து, கண்டதை எழுதிவைத்தவன் ஓர் ஆங்கிலேயன். றொபேட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரக் குடாவிலே கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிலே சிறையிருந்தான். சிறையென்பது பூட்டிய அறையன்று. ஊருக்குள் வாழலாம், நாட்டை விட்டுப் போகலாகாது. அவன் ஊசி, சீப்பு முதலிய சில்லறைப் பண்டம் விற்பவன்போல ஊரூராகத் திரிந்து வழிகளை அறிந்துகொண்டான். ஈற்றில் ஸ்ரீவன் றட்லன்ட் என்னும் தோழனோடு அநுராதபுரத்தை அடைந்து, 1679 ஒக்டோபர் 12ஆம் நாள் அங்கிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கிப் புறப்பட்டான்.

அவர்கள் கொண்டுசென்ற பொருள்களை நொக்ஸ் ஒன்றும் விடாது எண்ணிச் சொல்கின்றான். பத்து நாளைக்குப் போதிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு பாத்திரம், நீருக்கு இரண்டு சுரைக்குடுக்கை, மழைக்குக் கூடாரமாகப் பிடிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை, தீமூட்டும் கருவி, வெற்றிலையும் புகையிலையும், முட்குத்தாதபடி செருப்புத் தைக்க மான்தோல். பழைய வணிகனுக்குக் குளக்கரை ஊர்கள் அளித்த யாவற்றையும் இவ்விருவரும் தம் தோளிலே சுமக்கவேண்டியிருந்தது. கரையோரக் காடு முட்செறிந்து நுழைய முடியாதிருந்தமையால் ஆற்றுமணலே அவர்களுக்குத் தெருவாயிற்று. வறண்ட ஆறாயிருந்தமையாற்றான் அவர்கள் தப்பினர் என்று கூறுதலும் பிழையன்று. வெள்ளம் பெருகும் காலத்துக்குச் சற்று முன்னே அவர்கள் நடந்துவிட்டனர். யானைக்கும் முதலைக்கும் அஞ்சினர். அவற்றினும் மனிதருக்கே மிகவும் அஞ்சினர். அநுராதபுரத்துக்குக் கீழே வன்னியர் ஆட்சியிலிருந்த தமிழரின் நிலம் தொடங்கிற்று. அவர்கள் பிடித்துக் கண்டி அரசனிடம் ஒப்படைத்துவிடுவரோ என்பது அவனது அச்சம்.

இப்பயணத்திலே எம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று. ஆற்றின் கரை நெடுகச் செதுக்கிய கற்றூண்கள் நிற்பதையும், மூன்று நான்கு இடங்களிலே கற்றூண்களின்மீது கட்டிய பாலங்கள் இடிந்து கிடப்பதையும் நொக்ஸ் குறிக்கின்றான். அவை யாருடையவை, எதற்காக என்பது அவனுக்குத் தெரியாது. பல நூற்றாண்டுக் காலம் மாந்தரும் மாடும் வண்டியும் சென்ற பெருவழியின் எலும்புகளை, அவ்வழியே தப்பியோடும் ஒருவன் கண்டு எழுதிவிட்டுப் போகின்றான். ஒக்டோபர் 18ஆம் நாள் மாலையில் அவ்விருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அநுராதபுரத்திலிருந்து கடற்கரைக்கு ஏழு நாட் பயணம்.

ஒல்லாந்தர் காலத்திலேயே வேறொரு பெயர்ச்சியும் நடந்தது. 1670இலே மாந்தையிலிருந்த கத்தோலிக்கர் தம் மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு ஒடுக்குமுறைக்கு அஞ்சி உட்காட்டுக்குச் சென்றனர், அதுவே மடுத்திருப்பதி. காடு மூடிய பள்ளத்தாக்கு மறைந்திருக்க விரும்பினோருக்கு அரணாயிற்று.

இனி நாம் கூறப்போவது பாடநூல்களில் ஓரிரு வரியோடு முடிந்துவிடுவது. 1830களிலிருந்து மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தின் வறட்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிப் பாம்பன், தொண்டி முதலிய துறைகளிலிருந்து தோணியேற்றினர். அவர்கள் தலைமன்னாரிலும் மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். ஏறக்குறைய 150 மைல். வழியின் முற்பாதி அருவியாற்று நிலத்தினூடாகவே சென்றது. மாந்தை வணிகன் சென்ற அதே வெளி. நொக்ஸ் நடந்த அதே காடு. ஆயினும் வணிகனுக்குக் குளங்கள் இருந்தன. நொக்ஸுக்குப் பத்து நாள் அரிசியும் காட்டறிவும் இருந்தன. இம்மக்களுக்கு இரண்டும் இல்லை. பஞ்சத்தினால் மெலிந்த உடம்போடு, பெண்டு பிள்ளைகளை நடத்தியும் சுமந்தும் சென்றனர். கண்ட குட்டை நீரைக் குடித்தனர். முன்னே சென்ற கூட்டத்தின் நோய் அந்நீரிலே இருந்தது. வாந்திபேதி கண்டவரை மற்றவர் காத்திருந்து கவனித்தல் இயலாது. நின்றாற் கூட்டம் முழுவதும் மாளும். நோய்க்கு அஞ்சி வழியோரத்து ஊரவர் அவர்களை அணுகவும் விடவில்லை. இவ்வழியிலே மாண்டவர் எத்தனை பேர் என்பதிலே அக்காலத்தவரே மாறுபட்டனர். எண்ணினவர் எவரும் இல்லாதபோது மாறுபடுதல் இயல்பே. நாளடைவிலே அரசாங்கம் வழி நெடுகத் தங்குமடங்களும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் அமைத்தது. பழைய அரசர் குளங்களால் செய்துவைத்ததை இவ்வரசாங்கம் மிகப் பிந்தி, அதுவும் குறைபாடாகச் செய்தது என்றே சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அவ்வழி கைவிடப்பட்டது.

நொக்ஸின் ஏழு நாட்கள் அச்சேறிப் பல பதிப்புக் கண்டன. அறுபது ஆண்டுக் காலம் அவ்வழியே நடந்தவர்களுள் ஒருவரேனும் எழுதிவைத்த நாட்குறிப்பு இல்லை. எழுதத் தெரிந்தவர் அவ்வழியே நடக்க வேண்டியிருக்கவில்லை. மலையகத்துப் பிள்ளைகள் எமது வகுப்புகளிலே அமர்ந்து ஈழநாட்டு வரலாறு படிக்கும்போது, அவர்களுடைய பாட்டனார் நடந்த வழி அவ்வரலாற்றின் எந்தப் பக்கத்திலே இருக்கின்றது என்று கேட்டால், ஆசிரியராகிய நாம் காட்டுதற்கு ஒரு பக்கம் வேண்டாமா?

1914இலே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. நேரியகுளம், செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் என்று தரிப்பிடங்களின் பெயரைச் சொல்லிப் பார்த்தால் அது பழைய வழிக்கு அண்மையிலேயே செல்வது விளங்கும். நிலத்தின் சரிவு புகையிரதப் பொறியியலாளருக்கும் அதே நன்மையைச் செய்தது. தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடியும் புகையிரதம். இரவிலே கொழும்பில் ஏறியவர் வறள்நிலம் முழுவதையும் உறக்கத்திலே கடந்தார். 1964 திசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடிற்று. 1980களிலே அதுவும் நின்றது. 1990இலே போரினாற் புகையிரதமும் நின்றது. 2013 மே மாதத்திலே மடு வீதி வரையும், 2015 மார்ச்சிலே தலைமன்னார் வரையும் மீண்டும் பாதை திறந்தது. 2022 யூலையிலே திருக்கேதீச்சரப் பெருமானுக்குக் குடமுழுக்கு நடந்தபோது அடியார் பலர் அவ்வழியே சென்றிருப்பர்.

இரண்டு திறப்புகளுக்கும் சில ஆண்டுகள் முன்னே, இப்பள்ளத்தாக்கு தன் அண்மைக் காலத்துப் பெருங்கூட்டத்தைக் கண்டது. 2009இலே போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த மக்களிற் பெரும்பகுதியினர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களிலே வைக்கப்பட்டனர். உச்சக் காலத்திலே அவர்களின் தொகை இரண்டு இலட்சத்துக்கு மேல். அருவியாற்றங்கரையிலேயே முகாம் அமைந்திருந்தும் குடிநீரே அங்கு முதற்குறையாயிற்று. ஆற்று நீரை இறைத்துச் சுத்திகரித்து வழங்கினர். வாளிகளோடு வரிசையிலே நின்றனர். மாரி வந்ததும் அதே நிலம் வெள்ளக்காடாயிற்று. 2012 செத்தெம்பரிலே முகாம் மூடப்பட்டது. இம்மலரைப் படிப்போருள்ளும் அவ்வரிசையிலே நின்றவர் இருக்கலாம். கோடையில் நீரின்மையும் மாரியில் நீர்ப்பெருக்கும் இந்நிலத்தின் இயல்பென்பதை அவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

1957 திசெம்பர் வெள்ளத்திலே நாச்சதுவக் குளத்தின் அணை உடைந்ததை முதிய பழைய மாணவர் நினைவுகூர்வர். அது மீண்டும் கட்டப்பட்டது. கட்டுக்கரைக் குளம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் திருத்தப்பட்டு இன்றும் பயிர்செய்கையிலுள்ளது. தேக்கத்து அணையிலே மறிபடும் நீர் இப்பொழுதும் கால்வாய் வழியே அக்குளத்துக்குச் செல்கின்றது. திருக்கேதீச்சரத்துக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் பாலாவியிலே கால் நனைத்த பின்னர், உயிலங்குளம் தாண்டி அக்குளக்கட்டுக்கும் ஒரு மணிநேரம் சென்று வருவாராக. தை மாதமாயின் நீர் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருக்கும்; ஆவணியாயின் மாடுகள் குளத்தின் நடுவிலே மேய்ந்துகொண்டிருக்கும்.